வலிப்பு மாத்திரையும் பெண்ணின் அறியும் உரிமையும்: சோடியம் வால்ப்ரோயேட்டின் பயனும் ஆபத்தும்

செங்கத்திற்கு அருகிலுள்ள ஒரு சேரியிலிருந்து சட்ட உதவி கேட்டு இளம்பெண் ஒருவர் நம்மிடம் வந்தார். திருமணமாகி ஓராண்டு ஆகவில்லை. வலிப்பு நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கூறி, கணவர் வீட்டார் அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தனர். வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே சுருக்குப்பையைத் திறந்து, ஈரம் ஏறிப் பிசுபிசுத்த சில மாத்திரைகளை மேசைமேல் வைத்தார். "மூணு மாசம் சார். இத நிறுத்திட்டா புள்ளைக்கு நல்லதுன்னு அம்மா சொல்லுது. நிறுத்தலாமா?" என்று கேட்டார்.

அவை சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரைகள். பன்னிரண்டு வயதிலிருந்து அவற்றை விழுங்கி வருகிறார். அந்த மருந்து கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. அதைத் திடீரென நிறுத்தினால் அவருடைய உயிருக்கே ஆபத்து என்பதையும் எவரும் சொன்னதில்லை. அவரிடம் இருந்த மருத்துவச் சீட்டில் மருந்தின் பெயரும் வேளையும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன.

அன்று நம்மால் உடனே சொல்ல முடிந்தது ஒன்றுதான்: "நீங்களாக நிறுத்த வேண்டாம்; நாளைக் காலையே மருத்துவரிடம் போவோம்." அவருடைய அடையாளத்தை இங்கே தரவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒருவருக்கு மட்டும் உரியது அன்று. களப்பணியில் இருக்கும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் விடை தெரிந்துவைத்திருக்க வேண்டிய கேள்வி அது. எனவே மருத்துவம் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, இவ்விரண்டிற்கும் இடையில் சாதி எங்கே நிற்கிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறோம். இக்கட்டுரை மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே வலியுறுத்துகிறோம்.

இது என்ன மருந்து?

வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்சமிக்ஞைகளை வெளியிடுவதால் நேர்வது. நம் ஊர்களில் 'காக்கா வலிப்பு' என்று வழங்கும் பெயர், 'கால் கை வலிப்பு' என்பதன் மரூஉ. காகத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை; பேய்க்கும் சாபத்திற்கும் முற்பிறவி வினைக்கும் தொடர்பில்லை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், அவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் உள்ளனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

வால்ப்ரோயிக் அமிலம் 1882-இலேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. வேறு மருந்துகளைக் கரைக்கும் திரவமாக மட்டுமே அது நெடுங்காலம் பயன்பட்டது. 1962-இல் பிரான்சின் கிரெனோபில் நகரில் பியேர் ஏமார் என்னும் ஆய்வாளர், அது வலிப்பைத் தடுப்பதைத் தற்செயலாகக் கண்டார். 1967-இல் பிரான்சில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் வால்பரின், என்கோரேட், எபிலெக்ஸ் எனப் பல வணிகப் பெயர்களில் இது கிடைக்கிறது. டைவால்ப்ரோயெக்ஸ் என்ற பெயரில் வருவதும் உடலுக்குள் சென்றபின் இதே மருந்துதான். அட்டையின் முன்பக்கப் பெயரை மட்டும் பார்த்தால் இது விளங்காது. பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள வேதிப் பெயரைப் படிக்க வேண்டும்.

இது நல்ல மருந்தா என்றால், ஆம், நல்ல மருந்துதான். பலவகை வலிப்புகளைக் கட்டுப்படுத்துகிறது. குறிப்பாக, உடல் முழுவதும் வெட்டியிழுக்கும் வகைகளிலும், பதின்பருவத்தில் தொடங்கிக் காலையில் கைகள் திடுக்கிட்டுத் துள்ளும் வகையிலும் இதன் ஆற்றல் பெரிது. விலையும் குறைவு. இருமுனைக் கோளாறு என்னும் மனநோய்க்கும், ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் இதே மருந்து தரப்படுகிறது. ஆகவே வலிப்பே இல்லாத பெண்ணும் இதை உட்கொண்டுகொண்டிருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கருவுக்கு என்ன ஆபத்து?

எந்த மருந்தும் உட்கொள்ளாத தாய்மார்களிடத்தும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பெரிய பிறவிக் குறையுடன் பிறக்கக்கூடும். கருவுற்ற காலத்தில் தாய் வால்ப்ரோயேட் உட்கொண்டிருந்தால் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 10 ஆகிறது. தண்டுவடம் மூடாமல் இருத்தல், இதயக் குறைபாடு, உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, கை கால் குறைபாடு ஆகியவை இவற்றில் அடங்கும். இதைவிடவும் பரவலான பாதிப்பு ஒன்று பிறந்தவுடன் கண்ணுக்குத் தெரியாது. 100-இல் 30 முதல் 40 குழந்தைகள்வரை பேச்சு, நடை, கற்றல், நினைவாற்றல் ஆகியவற்றில் பின்தங்கக்கூடும். ஆட்டிசம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. மருந்தின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வலிப்பு மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டாலும் அவ்வாறே.

இங்கே காலக்கணக்கு முக்கியமானது. குழந்தையின் தண்டுவடக் குழாய் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, கருவுற்றதைப் பெண் அறியும் முன்னரே அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். எனவே "கர்ப்பம் என்று தெரிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்" என்பது இந்த மருந்தைப் பொறுத்தவரை தாமதமான அறிவுரை. கருவுறுவதற்கு முன்பே, ஏன், பெண் பூப்பெய்திய பருவத்திலேயே அந்த உரையாடல் நடந்திருக்க வேண்டும்.

அதே வேளையில், அச்சத்தைப் பெருக்குவதும் நம் நோக்கமன்று. 100-இல் 10 என்றால், எஞ்சிய 90 குழந்தைகள் பெரிய உடற்குறை இன்றிப் பிறக்கின்றன. நம்மிடம் வந்த பெண்ணைப் போல ஏற்கெனவே கருவுற்றிருப்பவர் உடனே மருத்துவரைக் காண வேண்டும். 18 முதல் 20 வாரங்களுக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஃபோலிக் அமிலத்தின் அளவு, மருந்தைக் குறைப்பது, மாற்றுவது ஆகியவற்றை மருத்துவர் முடிவு செய்வார். கருவுறத் திட்டமிடும் பெண்களுக்கு லெவடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் கருவுக்குப் பெரிதும் பாதுகாப்பானவை என்று கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் ஒரு மருந்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வாரங்களோ மாதங்களோ ஆகும். சிலருக்கு வால்ப்ரோயேட் தவிர வேறெதுவும் கட்டுப்படாது. அவர்கள் ஆபத்தை அறிந்து, குறைந்த அளவில் தொடர்வதே வழி. இம்மருந்தை உட்கொள்ளும் தாய் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதே பொதுவான மருத்துவக் கருத்து.

ஏன் தாமாக நிறுத்தக் கூடாது?

வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடக்கப்பட்டிருந்த வலிப்பு முன்னிலும் வேகமாகத் திரும்பலாம். இடைவிடாமல் தொடரும் வலிப்பு மூளையைச் சிதைக்கும், உயிரையும் பறிக்கும். கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்கள் உறக்கத்திலேயே திடீரென இறந்துபோவதும் உண்டு. கருவுற்ற பெண் வலிப்பில் விழுந்தால் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து. "புள்ளைக்கு நல்லது" என்று தாய் சொன்னது அன்பினால்தான். ஆயினும் அந்த அறிவுரையைப் பின்பற்றியிருந்தால் இரண்டு உயிர்கள் போயிருக்கக்கூடும்.

பாதுகாப்பாக உட்கொள்வது எப்படி?

முதலாவதாக, நேரம் தவறாமை. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாக விழுங்கக் கூடாது.

இரண்டாவதாக, பாதுகாத்து வைத்தல். சோடியம் வால்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை வெகு விரைவில் உறிஞ்சும். அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். ஒழுகும் ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் வாழ்வோருக்கு இது சிறு செய்தியன்று. உட்கொள்ளும் நேரம்வரை மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

மூன்றாவதாக, எச்சரிக்கைக் குறிகள். கை நடுக்கம், எடை கூடுதல், முடி உதிர்தல் ஆகியவை பலருக்கு ஏற்படும். அடுத்த முறை செல்லும்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, கண் மஞ்சளாதல், அளவுக்கு மீறிய சோர்வும் குழப்பமும், காரணமின்றி உடலில் கன்றிப்போதல், ஈறுகளில் இரத்தம் கசிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கல்லீரல், கணையம், இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றை இம்மருந்து அரிதாகக் கடுமையாகப் பாதிக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கல்லீரல் ஆபத்து அதிகம்.

நான்காவதாக, பிற மருந்துகள். வேறு எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும் வலிப்பு மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். மெரோபெனம் போன்ற சில ஊசி மருந்துகள் வால்ப்ரோயேட்டின் அளவை இரத்தத்தில் சரித்துவிடும். வலிப்பு மீண்டும் வரும். ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன் ஆகிய பழைய வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைத்துவிடும். அவற்றை உட்கொள்ளும் பெண்கள் கருத்தடை முறையையும் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும்.

தூக்கமின்மையும் இரவுப் பிழைப்பும்

திருவண்ணாமலைக்கு மட்டும் உரிய ஒரு கூறையும் இங்கே சொல்ல வேண்டும். வலிப்பைத் தூண்டும் காரணங்களில் தூக்கமின்மை முதன்மையானது. வால்ப்ரோயேட் மிகுதியாகத் தரப்படும் அந்தப் பதின்பருவ வகை வலிப்பில் இது இன்னும் கடுமையானது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் இரவு முழுதும் நடக்கின்றனர். அந்தப் பாதையோரம் பூவும் தேநீரும் விற்றும், குப்பை அள்ளியும், கழிவறைகளைக் கழுவியும் விடிய விடிய விழித்திருப்போர் பெரும்பாலும் நம் மக்களே. பக்தருக்கு அது மாதத்தில் ஓர் இரவு. தொழிலாளிக்கு அது பிழைப்பு. வலிப்பு நோய் உள்ளவர் அன்றிரவு மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பதும், இடையில் உறங்க இடமும் நேரமும் கிடைப்பதும் உயிர் காக்கும் செய்திகள். தூய்மைப் பணியாளருக்கு ஓய்வறை கேட்பது மருத்துவக் கோரிக்கையும் ஆகும்.

எவரேனும் வலிப்பில் விழுந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், செருப்பை முகரச் செய்வதும் பயனற்றவை. வலிப்பு சில நிமிடங்களில் தானாக நிற்பதால் இரும்பு நிறுத்தியதாகத் தோன்றுகிறது, அவ்வளவே. செய்ய வேண்டியவை எளியவை: அடுப்பு, கூரான பொருள் ஆகியவற்றை அகற்றுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடியும் வந்தாலோ, விழுந்தவர் கருவுற்றிருந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

நோயின் வேரில் இருப்பது உணவா, சுகாதாரமா?

'பன்றிக்கறி தின்பவர்களுக்கு வரும் நோய்' என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. இந்தப் பேச்சு எந்த மக்களைக் குறிவைக்கிறது என்பது நமக்குத் தெரியும். உண்மை வேறு. இந்தியாவில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டி. வேகாத பன்றி இறைச்சியை உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். ஆனால் மூளையில் கட்டி உண்டாவது அந்தப் புழுவின் முட்டைகளை விழுங்குவதால். முட்டைகள் மனித மலத்தின் வழியே வெளியேறி, தண்ணீரிலும் கழுவாத காய்கறியிலும் கையிலும் சேர்ந்து வாய்க்குள் போகின்றன. ஆகவே புலாலைத் தொடாதவரின் மூளையிலும் இக்கட்டி வருகிறது. அண்டை மாவட்டமான வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நடத்தி 2006-இல் வெளியிட்ட சமூக ஆய்வு, வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று கண்டது. அன்று பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒன்றாக இருந்த நிலப்பகுதிதான் வேலூரும் திருவண்ணாமலையும்.

எனவே கேள்வி யார் எதை உண்கிறார் என்பதன்று. எந்தத் தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை. யாருக்குக் கழிவறை உண்டு, யாருடைய கை பிறர் மலத்தை அள்ளுகிறது என்பதே கேள்வி. நோயை உணவின்மேல் சுமத்துவது, சுகாதாரத்தை மறுத்த சாதியமைப்பைத் தப்பவிடும் வழி.

மறைத்து விழுங்கும் மாத்திரை

இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் ஒருகாலத்தில் மணத்திற்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ஆம் ஆண்டின் 39-ஆவது சட்டத்தால் நாடாளுமன்றம் அச்சொல்லை இரண்டு சட்டங்களிலிருந்தும் நீக்கியது. இன்று வலிப்பு நோய் உள்ளவர் மணம் புரிவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. வலிப்பு தீராத நோயுமன்று, மணமுறிவுக்கான காரணமுமன்று என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2023-இல் தீர்ப்பளித்தது.

சட்டம் மாறி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் வீடுகள் மாறவில்லை. நோயை மறைத்து மணம் முடிக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்க வேண்டியிருப்பதால் வேளை தவறுகிறது. வேளை தவறுவதால் வலிப்பு வருகிறது. கருத்தரிப்புக்கு முன் கணவரும் மனைவியும் சேர்ந்து மருத்துவரைக் காணும் வாய்ப்பே அற்றுப்போகிறது. ஆக, களங்கம் மனத்தை மட்டும் புண்படுத்தவில்லை. அது நேரடியாகக் கருவறைக்குள் சென்று சேர்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: மறைத்தது மோசடி என்று கூறித் திருமணத்தைச் செல்லாததாக்க முயல்வோர் உண்டு. ஆகவே நோயைச் சொல்லி மணம் முடிப்பது மருத்துவப்படியும் சட்டப்படியும் பெண்ணுக்குப் பாதுகாப்பு.

சொல்லாமல் விட்டது யார் தவறு?

பிரான்சில் இம்மருந்தால் பாதிக்கப்பட்ட இரு குழந்தைகளின் தாயான மரீன் மார்ட்டன், 2011-இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கத்தைத் தொடங்கினார். ஆபத்து தெரிந்திருந்தும் தாய்மார்களுக்கு ஏன் சொல்லவில்லை என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அந்நாட்டு அரசு இழப்பீட்டு ஏற்பாட்டை உருவாக்க நேர்ந்தது. 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், மருந்தைத் தயாரித்த சனோஃபி நிறுவனம் விழிப்பாக இருக்கும் கடமையிலும் தகவல் தரும் கடமையிலும் தவறியதாகக் கூறியது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. பிரிட்டனில் 2018 முதல், கருத்தடை ஏற்பாடும் ஆண்டுதோறும் ஆபத்தை விளக்கிக் கையொப்பம் பெறும் படிவமும் இன்றி, கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்கு இம்மருந்தைத் தரக் கூடாது என்ற விதி வந்தது. 2020 ஜூலையில் வெளிவந்த கம்பர்லெஜ் அறிக்கை, பெண்கள் சொன்னதை மருத்துவத்துறை பல்லாண்டுகளாகச் செவிமடுக்கவில்லை என்று கண்டித்தது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இதைத் தவிர்க்க வேண்டும் என்பதே இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியாவில் அறிவு இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1998 முதல் வலிப்பும் கருத்தரிப்பும் குறித்த பதிவேட்டை நடத்திவருகிறது. ஆனால் அந்த அறிவு, நெரிசலான புறநோயாளர் பிரிவில் ஓரிரு நிமிடம் மட்டுமே மருத்துவர் முன் நிற்கும் பெண்ணை வந்தடைவதில்லை. 'இவளுக்குச் சொன்னால் புரியவா போகிறது' என்னும் எண்ணத்தில் வகுப்பும் சாதியும் ஆணாதிக்கமும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்சநீதிமன்றம், சிகிச்சையின் இயல்பு, பயன், ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிய பின் பெறும் ஒப்புதலே உண்மையான ஒப்புதல் என்றது. சுசிதா ஸ்ரீவத்சவா வழக்கில் 2009-இல், இனப்பெருக்கம் குறித்துப் பெண் எடுக்கும் முடிவு அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளங்குவது இது: பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதும்போது ஆபத்தை அவர் மொழியில் விளக்குவது மருத்துவரின் கருணையன்று, கடமை.

என்ன பரிகாரம் உண்டு?

ஓர் இடைவெளியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம், அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வாரா என்றது. அதாவது பணம் கட்டிப் பார்த்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இலவச அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்கும் ஏழை அவ்வழியில் போக முடியாது. அவருக்கு எஞ்சியிருப்பவை உரிமையியல் வழக்கு, உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு, மனித உரிமை ஆணையம், மருத்துவக் கவுன்சில் ஆகியவை. ஆகவே ஆவணம் முக்கியம். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, ஸ்கேன் அறிக்கை எதையும் எறியாதீர்கள். உள்நோயாளியாக இருந்தவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன.

மருந்தின் பக்கவிளைவை நோயாளியே நேரடியாக இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நாம் தெரிவிக்காதவரை நம் துன்பம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருப்பு இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 7(1) பிரிவு சொல்கிறது. வலிப்பு மாத்திரைக்கு அது பொருந்தும் என்று நாம் வாதிடலாம், வாதிட வேண்டும்.

சாதியின் பெயரால் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நுழைவதைத் தடுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் 2015-ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 'இசட்-ஏ' கூறின்படி அது குற்றம். வழிபாட்டுத் தலத்தில் நுழைவதைத் தடுப்பதும் அதே கூறில் உள்ளது. 2023 ஜனவரி 30 அன்று இம்மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாக நுழைந்ததை நாடறியும். கோயில் கதவையும் மருத்துவமனைக் கதவையும் சட்டம் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. முதற்கதவுக்காகப் போராடக் கற்ற நாம் இரண்டாவதற்காகவும் போராட வேண்டும்.

'வலிப்பு நிரந்தரமாகத் தீரும்' என்ற விளம்பரங்களும் இந்நகரில் குறைவில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், வலிப்பைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவையும் அதில் அடங்கும். மூலிகைப் பொடி என்று விற்கப்பட்டவற்றில் ஆங்கில மருத்துவத்தின் வலிப்பு மருந்துகளே அளவு தெரியாமல் கலக்கப்பட்டிருந்தது இந்தியாவில் கண்டறியப்பட்டுள்ளது. அளவு தெரியாத மருந்து, தெரிந்த மருந்தைவிட ஆபத்தானது. வழிபடுவது அவரவர் நம்பிக்கை; ஆனால் வழிபாட்டுக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எவராயினும் அவர் உயிரோடு விளையாடுகிறார்.

நாம் கேட்க வேண்டியவை

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை 2021-இல் தொடங்கிய மாநிலம் இது. அதே வழியில் வலிப்பு மாத்திரையும் சேரிக்கும் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கும் தவறாமல் வந்தாக வேண்டும். லெவடிராசெட்டம் போன்ற மாற்று மருந்துகள் மாவட்டத் தலைநகரில் மட்டுமின்றி ஆரம்ப சுகாதார நிலையம்வரை தடையின்றிக் கிடைக்க வேண்டும். வால்ப்ரோயேட் எழுதப்படும் ஒவ்வொரு சிறுமிக்கும் பெண்ணுக்கும் தமிழில் ஆபத்து விளக்கத் தாள் தரப்பட்டு, ஆண்டுக்கொருமுறை அவருடன் அது பேசப்பட வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் கருவுற்றோர் பட்டியலை எடுக்கும்போதே, புதுமணத் தம்பதியரைப் பதியும்போதே வலிப்பு மாத்திரை குறித்துக் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியதும் உண்டு. தம் தெருவில் வலிப்பு மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் விரும்பிக் கேட்டால், அட்டையைத் திருப்பி வேதிப் பெயரைப் படித்துச் சொல்லலாம், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம், துணைக்குச் செல்லலாம். அவர்கள் அனுமதியின்றி அவர்களுடைய நோயைப் பிறரிடம் சொல்லாமல் இருப்பதும் உரிமைப் பணியே.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால நலச் சட்ட முன்வரைவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்குப் பேறுகாலத்தில் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று வாதிட்டார். தாயின் உடல்நலம் அவளுடைய தனிக்கவலை மட்டுமன்று, அரசின் பொறுப்பு என்பதே அதன் உட்பொருள்.

செங்கத்துப் பெண்ணுக்கு மருத்துவர் மாத்திரையை நிறுத்தவில்லை. அளவைக் குறைத்தார், ஃபோலிக் அமிலம் எழுதினார், ஸ்கேனுக்கு நாள் குறித்தார். வெளியே வந்ததும் அவர் நம்மிடம் கேட்டது: "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, சார்?" அந்தக் கேள்விக்கு மருத்துவமனையும் அரசும் பதில் சொல்ல வேண்டும். அதுவரை, பன்னிரண்டு வயதில் இன்று முதல் மாத்திரையை வாங்கும் சிறுமியிடமும் அவள் தாயிடமும் நாமாவது சொல்லிவைப்போம்.